ராமகுப்பத்துத் தகரப்பெட்டி

சென்ற விடுமுறையில் குப்பம் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, பேருந்தேறி ராமகுப்பம் சேர்ந்தோம். ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்குக் கிடைத்த ஓய்வு இரண்டே நாள். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஊர் அது. தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசுவோரை அங்கே காணலாம்.

நம் அத்தை தகரப்பெட்டியைத் திறந்து, ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து 1940-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார்.

"இதற்கு ஐந்து லட்சம் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள், தம்பி. முதலில் எட்டாயிரம் கட்டவேண்டுமாம். கம்மலை அடகு வைக்கப் போகிறேன்" என்றார்.

திடுக்கிட்டோம். நாம் படித்தறிந்ததை அவருக்கு எடுத்துரைத்தோம். முதல் உலகப் போரில் வெள்ளி அருகியதால் 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. 1926-இல் நின்றது, இரண்டாம் போரின்போது 1940-இல் மீண்டது. 1940-ஆம் ஆண்டு நோட்டுகள் ஏராளமாக அச்சாயின. இன்றும் பலரிடம் உள்ளன. லட்சங்கள் பெறா. 1918-இல் வெளிவந்து 1926-இல் மறைந்த இரண்டரை ரூபாய் நோட்டே அரியது. அருமையும், மடிப்பும் கிழிசலும் இல்லாத நிலையுமே சேகரிப்போர் தரும் விலையை நிர்ணயிக்கின்றன. மேலும், பழைய நோட்டு விற்கக் கட்டணம் கேட்போரை நம்பவேண்டாமென ரிசர்வ் வங்கி 2021-இலேயே எச்சரித்திருக்கிறது.

பெட்டிக்குள் வேறொரு தாளும் இருந்தது. வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர். ஜப்பானியர் மலேயாவில் வெளியிட்டது. அத்தையின் மாமனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த கூலியில் மிஞ்சியது. 1945-இல் ஜப்பான் பணிந்ததும் அப்பணம் வெறுங்காகிதமாயிற்று. சேகரிப்போரிடம் இன்று அது மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தக் கூலியை யார் மதிப்பிடுவது?

அடியில் நான்கு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். மருந்துச் செலவுக்கென ஒளித்து, 2016 டிசம்பர் 30 கெடு கடந்தபின் கண்டெடுத்தவை. பத்து நோட்டுகள் வரை வைத்திருக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது என்றோம். "இரண்டாயிரம் போனது போகட்டும்" என்று பெருமூச்செறிந்தார்.

கம்மல் காதிலேயே இருந்தது.

அன்பர்களே! நம் வீடுகளிலும் இத்தகைய தாள்கள் இருக்கலாம். பசை நாடா ஒட்டாதீர்கள். தாளேட்டின் நடுவே மடிக்காமல் வையுங்கள். யார் உழைத்துச் சேர்த்ததென ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பணம் கட்டச் சொல்பவருக்கு மட்டும் கதவைத் திறவாதீர்கள்.