ஒரு பாண்டு மணலுக்கு

அன்புள்ள மணலே,

கொள்ளிடத்திலிருந்து லாரியேறி கீரனூருக்கு வந்து, எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் போனதுபோக மிஞ்சி, மாடிப்படிக்கு அடியில் சிமெண்டுச் சாக்கில் கிடந்தாய். பூச்சு வேலைக்காகச் சலித்தெடுத்த பொடிமணல். ஆற்றில் கிடக்கும்போது உன்னைப் பாட ஆளுண்டு. சாக்கில் கட்டிவிட்டால் கொத்தனாரைத் தவிர யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கறிக்கடைச் சந்தில் திரிந்த ஒரு பூனை இன்று எங்கள் வீட்டில் மரியாதையோடு குடியிருக்கிறதென்றால் அந்தப் புண்ணியத்தில் பெரும்பங்கு உனக்குத்தான். அதை உன்னிடமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மணலே, மூக்காயி வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். மூக்கின்மேல் கருப்புத் திட்டு இருப்பதால் அத்தை வைத்த பெயர் அது. புதுக்கோட்டை சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் அவள் பின்னங்காலில் ஏறிவிட்டது. கால்நடை மருத்துவமனையில் ஆடுகளும் கன்றுகளும் நின்ற வரிசையில் ஒரு பிரம்புக் கூடையோடு நாங்களும் நின்று கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். எலும்பு கூடும்வரை வெளியே விடக்கூடாது என்றார் மருத்துவர். சொல்லிவிட்டார். ஊரெல்லாம் மண்ணாகக் கிடந்த இடத்தில் வளர்ந்த பூனைக்கு, நான்கு பக்கமும் டைல்ஸ் போட்ட அறையில் எங்கே போவதென்று எப்படித் தெரியும்? ராத்திரி ஜமக்காளத்தில் போனாள். மறுநாள் அரிசிச் சாக்கின் ஓரத்தில் போனாள். மெத்தென்று இருப்பதும் ஈரத்தை உறிஞ்சுவதும் அவை இரண்டும்தான். அவள் கணக்கில் பிசகில்லை. "குட்டியில பழக்குனாத்தான் உண்டு, வயசான பூனைக்கு இனிமே எங்க புத்தி வரப்போகுது" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

மணலே, அந்தப் பேச்சைப் பொய்யாக்கினாய் பார், அதுதான் முதல் கடன். மேஸ்திரி விட்டுப்போன கருப்புப் பாண்டைக் கழுவி, நாலு விரல் உயரத்துக்கு உன்னைக் கொட்டி, அறையின் மூலையில் வைத்தோம். அடிபட்ட காலோடு விளிம்பைத் தாண்ட முடியாதே என்று ஒரு செங்கல்லைப் படியாகப் போட்டோம். மேலாக, அவள் வழக்கமாகப் போகும் முருங்கை மரத்தடியிலிருந்து இரண்டு கைப்பிடி செம்மண் தூவினோம். மூக்காயி படியேறினாள், மோந்தாள், முன்னங்காலால் ஒரு குழி பறித்தாள், காரியத்தை முடித்தாள், மூடினாள். யாரும் அவள் காலைப் பிடித்துப் பறிக்கக் காட்டவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் செம்மண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தோம். அவள் கண்டுகொள்ளவே இல்லை. தெருப் பூனைக்குப் பழக்கம் கிடையாது என்கிறார்களே, அவளுக்குப் பிறந்தது முதல் மண்ணில் போய்த்தான் பழக்கம். வீட்டுக்குள் மண் இல்லாததுதான் குறை. அந்தக் குறையை நீ தீர்த்தாய்.

மணலே, உங்கள் இருவருக்கும் உறவு பழையது என்பதைப் பிறகுதான் படித்தேன். உலகத்து வீட்டுப் பூனைகள் அத்தனையும் வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனையின் வழிவந்தவை என்று 2007-ல் சயின்ஸ் இதழில் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. வறண்ட புதர்க்காடும் பாலை ஓரமும் அதன் வீடு. சைப்ரஸ் தீவில் மனிதனுக்கு அருகே பூனையைப் புதைத்த 9,500 ஆண்டுப் பழைய குழி ஒன்றையும் தோண்டியெடுத்திருக்கிறார்கள். தன் வாடை எதிரிக்கும் தன்னைவிடப் பலசாலியான பூனைக்கும் தெரியாமலிருக்க இளமண்ணில் மூடிவைக்கும் பழக்கம் அந்த வம்சத்தோடு வந்தது. கீரனூர்ப் பூனைக்கும் அதே கை, அதே குழி.

மணலே, உன்னைத் தேடிப் போய் நீ கிடைக்காததால் ஒரு பெரிய வியாபாரமே பிறந்த கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. 1947 குளிர்காலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்னும் சிற்றூர். கே டிரேப்பர் என்ற பெண்மணியின் வீட்டு மணற்குவியல் பனியில் உறைந்துவிட்டது. பூனைக்குச் சாம்பல் வைத்துப் பார்த்தார். பூனை வீடெங்கும் கருப்புக் கால்தடம் பதித்தது. கொஞ்சம் மணல் இருக்குமா என்று அவர் எட் லோ என்ற இளைஞரிடம் கேட்க, அவர் தொழிற்சாலைத் தரையில் சிந்திய எண்ணெயை உறிஞ்ச விற்றுவந்த களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். பூனைக்கும் அந்த அம்மாவுக்கும் அது பிடித்துப்போனது. ஐந்து பவுண்டுப் பைகளில் கட்டி, கிட்டி லிட்டர் என்று எழுதி, 65 சென்ட் விலை சொன்னார். மணல் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்றாராம் கடைக்காரர். அப்படியானால் சும்மா கொடுங்கள் என்று வைத்துவிட்டு வந்தார் லோ; மிச்சம் ஊரறிந்தது. பிற்பாடு, ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளும் பென்டோனைட் களிமண் வந்தது. நம் குஜராத்தின் கச்சுப் பகுதியிலேயே அது வெட்டியெடுக்கப்படுகிறது. திருச்சியிலிருந்து என் தம்பி அப்படி ஒரு பை வாங்கி வந்தான், லாவண்டர் வாசனையோடு. மூக்காயி ஒரு தடவை மோந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வாசனை மனிதர்களுக்காகச் சேர்ப்பது; பூனைகள் பெரும்பாலும் விரும்புவதில்லை.

மணலே, நீ வந்த பிறகு பினாயில் பாட்டில் அலமாரியை விட்டு இறங்கவில்லை. அதற்கும் நன்றி. பினாயிலில் இருக்கும் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரல் நம்முடையதைப் போல உடைத்து வெளியேற்றாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். ஜமக்காளத்தைச் சோப்புத் தண்ணீரிலும் வினிகர் கலந்த தண்ணீரிலும் அலசி வெயிலில் போட்டதோடு சரி. பழைய வாடை போகாவிட்டால் பூனை அதே இடத்தைத் தேடிப் போகும் என்பதால் அந்த அலசலில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

மணலே, நீ ஒளிப்பதைவிடக் காட்டியது அதிகம். ஒருநாள் காலையில் அள்ளும்போது அரிசிமணி மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிந்தது. நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்கும் பூனைகளுக்கு வருவதாம். மாத்திரை கொடுத்தோம், தெள்ளுக்கும் மருந்து விட்டோம். அவள் முருங்கையடியிலேயே போய்க்கொண்டிருந்திருந்தால் யார் பார்த்திருக்கப் போகிறோம்? எத்தனை இடம் நனைந்திருக்கிறது, இறுகலா இளகலா என்று பார்த்தாலே அவள் உடம்பு பாதி தெரிந்துவிடுகிறது.

மணலே, நாத்தனார் பிரசவத்துக்கு வந்தபோது உன்னைத் தூக்கி எறியச் சொல்லி வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. பயத்தில் நியாயம் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம், கருவைத் தாக்கலாம். ஆனால் வெளியே வந்தவுடன் அது தொற்றாது. குறைந்தது ஒரு நாளாவது கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும். அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் ஆபத்து மிகவும் குறைவு, கர்ப்பிணி மட்டும் கைவைக்கக் கூடாது, சரியாக வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும்கூட அது வரும் என்று மருத்துவர் விளக்கினார். அள்ளும் வேலை என் கணவருக்குப் போனது. கைக்கு உறை, பிறகு சோப்பு. ஈர மணலுக்குக் கொத்தனார் கரண்டி, மற்றதற்குப் பழைய ஜல்லிக்கரண்டி. அது தப்பித் தவறி அடுப்படிக்குத் திரும்பிவிடாமல் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருநாளும் தவறாமல் செய்யும் வீட்டு வேலை இது ஒன்றுதான். அதையும் உன் கணக்கிலேயே எழுதிக்கொள்.

மணலே, அத்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவரே கோபித்துக்கொள்வார். "நடுவீட்ல பூனைக்குக் கொல்லை கட்டி வச்சிருக்கியேத்தா" என்று என்னைக் கேட்டவர் அவர். மழைக்காலத்தில் உன்னை மொட்டைமாடியில் பரப்பிக் காயவைத்து, வெயில் மறையுமுன் வாரிக்கொண்டு வருபவரும் இப்போது அவர்தான். ஒருமுறை நீ தீர்ந்துபோகிறாயே என்று எம்-சாண்ட் கொண்டுவந்து போட்டோம். எங்கள் பக்கம் கல்குவாரிக்குப் பஞ்சமில்லை. உடைத்த கல்லின் முனை பாதத்தில் குத்தியதோ என்னவோ, மூக்காயி விளிம்பில் நின்று கத்தினாள். அத்தை தன் கையாலேயே அதை வாரிக் கொட்டிவிட்டு முருங்கையடி மண்ணைச் சலித்து உன்னோடு கலந்தார். ஆற்றுமணல் குவாரிகளை மூடச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கிறது. பூனைக்காக இன்னொரு மூட்டை ஆற்றில் அள்ள மாட்டோம். நீ பாதி, எங்கள் செம்மண் பாதி என்று ஓடுகிறது.

மணலே, இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் நின்று படிப்பவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை. அடிபட்டு வரும் தெருப் பூனையை, இந்த வயதுக்கு மேல் பழகாது என்று வாசலோடு விட்டுவிடாதீர்கள். முதலில் சின்ன அறையில் வையுங்கள். ஒரு பாண்டில் அதற்குத் தெரிந்த மண்ணைப் போட்டு, சாப்பாட்டுத் தட்டை அதிலிருந்து தள்ளி வையுங்கள். பாண்டை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். நன்றாகப் பழகிய பூனை திடீரென்று வெளியே போனால் அடிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை மண்ணில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நன்றியுடன்,
மூக்காயி வீட்டுக்காரி,
கீரனூர்.