வெளிவாயிலில் இரண்டு தாள்கள்

கூரை விளிம்பிலிருந்து சொட்டும் பனிநீரின் ஓசைதான் இளவேனில் தொலைவில் இல்லை என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் ஆயரின் இசைவோடு தென் ஜெர்மனியின் இச்சிற்றூரில் பங்குப் பணியாற்ற வந்து இது நான்காம் ஆண்டு. இன்று காலை ஆலய வெளிவாயில் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்களை நம் கையாலேயே ஒட்டினோம். ஒன்று, திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரையிலான வழிபாட்டு நேரங்கள். மற்றொன்று, யோகான் செபாஸ்டியன் பாக் இயற்றிய மத்தேயு நற்செய்தியின்படியான திருப்பாடுகளை ஊர்ப் பாடகர் குழுவினர் நம் ஆலயத்தில் பாடவிருக்கிறார்கள் என்னும் அறிவிப்பு.

இரண்டாம் தாளை ஒட்டுகையில் நம் கை சற்றுத் தயங்கியது. அதன் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இந்நாடுகளில் இளவேனில் என்பது பூக்களின் காலம் மட்டுமன்று, இசையின் காலமுமாகும். லைப்சிக் நகரத்துப் புனித தோமையார் ஆலயத்தில், பாக் பயிற்றுவித்த அதே சிறுவர் பாடகர் மரபினர் புனித வாரத்தில் ஆண்டவரின் பாடுகளைப் பாடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் பெரிய இசை அரங்கில் குருத்து ஞாயிற்றையொட்டி இதே இசையைப் பாடும் வழக்கம் 1899ஆம் ஆண்டு தொடங்கியது. சால்ஸ்பர்க்கில் காராயன் 1967ஆம் ஆண்டு நிறுவிய உயிர்ப்புக்கால இசைவிழா உண்டு. வியன்னாவின் அரசு இசைநாடக அரங்கில் வாக்னரின் பார்சிஃபால் இந்நாட்களில் மேடையேறுவது வழக்கம். மே 12 அன்று, ஸ்மெத்தனாவின் நினைவுநாளில், பிராக் நகரத்து இளவேனில் விழா தொடங்கும். ஆக, நம் வழிபாட்டு நாட்காட்டியும் இசையரங்குகளின் நாட்காட்டியும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டாற்போல் இருக்கின்றன.

இது தற்செயலன்று. முற்காலத்தில் தவக்காலம் வந்ததும் இசைநாடக அரங்குகள் பல இடங்களில் மூடப்பட்டன. வேடமும் ஒப்பனையும் கூடாதாயின. அப்பொழுது வேடமின்றி, திருநூல் நிகழ்ச்சிகளை நின்றபடியே பாடும் இசைவடிவம் செழித்தது. அதன் பெயராகிய ‘ஒரத்தோரியோ’ என்பதற்கு மூலப்பொருள் செபக்கூடம் என்பதாம். பதினாறாம் நூற்றாண்டில் உரோமையில் புனித பிலிப்பு நேரி, மக்களைக் கூட்டி மறையுரையும் பாடலும் நடத்திய செபக்கூடத்திலிருந்தே அப்பெயர் வந்தது. அரங்கின் கதவைத் திருச்சபை சாத்தியது. செபக்கூடத்தின் வழியே இசை மீண்டும் உள்ளே வந்தது. கதவைச் சாத்துவதில் நாமும் பின்னடைந்தவர் அல்லர் என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

நாம் இங்கு வந்த முதல் ஆண்டில் அதே பாடகர் குழுவினர் புனித வெள்ளி மாலை நம் ஆலயத்தில் பாட அனுமதி கேட்டனர். நுழைவுச்சீட்டு ஒன்று இருபத்தைந்து யூரோ. குருமடத்தில் வழிபாட்டியல் வகுப்பில் நாம் படித்த மடல் உடனே நினைவுக்கு வந்தது. ஆலயங்களில் இசை நிகழ்ச்சிகள் குறித்து இறைவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று வெளியிட்டது அது. நுழைவு இலவசமாக இருக்க வேண்டும். பாடுவோர் பீடப்பகுதியில் நிற்றலாகாது. இயன்றவரை நற்கருணையைப் பக்கச் சிற்றாலயத்துக்கு மாற்ற வேண்டும் என்பன அதன் நெறிகள். அவற்றை மேற்கோள் காட்டி மறுத்து எழுதினோம். நெறிகளில் தவறில்லை, இன்றும் அவற்றை மதிக்கிறோம். ஆனால் நாம் எழுதிய கடிதத்தின் நடை இப்போது நமக்கே வெட்கமளிக்கிறது. உண்மையில் அதை எழுதத் தூண்டியது அந்த மடல் அன்று. பிற்பகல் மூன்று மணிக்குச் சிலுவையை முத்தி செய்ய நாற்பது பேர் கூட வருவதில்லை. மாலை ஏழு மணிக்குப் பணம் கொடுத்து நானூறு பேர் வருவார்களாம்! அந்த எண்ணிக்கைதான் நம் நெஞ்சில் தைத்தது.

அவர்கள் அடுத்த தெருவிலுள்ள லுத்தரன் சபை ஆலயத்துக்குச் சென்றனர். நம் வழிபாடு முடிந்து, சிலுவையைத் துணியால் துடைத்து வைத்துவிட்டு, மேலங்கியின் கழுத்துப்பட்டையை உயர்த்திக்கொண்டு நாமும் அங்கே சென்றோம். இருபத்தைந்து யூரோ கொடுத்துத் தூணுக்குப் பின்னால் ஓர் இடம் பெற்றோம். குறை காணும் நோக்குடன்தான் சென்றோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டு பாடகர் குழுக்கள், இரண்டு இசைக்குழுக்கள், ஏறத்தாழ மூன்று மணி நேரம். நற்செய்தியாளர் ஒருவர் நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டே போகிறார். இயேசு பேசும்போதெல்லாம் நரம்புக் கருவிகள் மெல்லிய ஒளிவட்டம்போல் அவர் குரலைச் சூழ்கின்றன. சிலுவையில் கைவிடப்பட்டவராக அவர் கதறும் ஓரிடத்தில் மட்டும் அவ்வொளி இல்லை. குரல் தனித்து விடப்படுகிறது. கைவிடப்படுதல் பற்றி நாம் நான்காண்டு இறையியல் பயின்றோம், தேர்வும் எழுதினோம். அந்தச் சில நொடிகள் நமக்குக் கற்பித்ததை எந்த விரிவுரையும் கற்பிக்கவில்லை.

இன்னும் ஓரிடம். தம்மைக் காட்டிக்கொடுப்பவன் அவர்களுள் ஒருவனே என்று ஆண்டவர் சொன்னதும், அது நானோ என்று சீடர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கேட்கிறார்கள். அவ்விடத்தில் ஆண்டவரே என்னும் விளி பதினொரு முறை ஒலிக்கிறது. பன்னிரண்டாமவன் மௌனமாய் இருக்கிறான். மறுகணமே சபையார் நன்கறிந்த பழைய பாடலின் மெட்டில், தண்டனைக்குரியவன் நானேதான் என்னும் பொருள்பட மறுமொழி எழுகிறது. சீடர்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்பவர்கள் நாம்! பிறகு பிலாத்துவின் முன் கூட்டம் பரபாவைக் கேட்டுக் கத்துவது ஒரே ஒரு வெட்டொலி. இருக்கையில் நாம் திடுக்கிட்டோம்.

இவ்விசை முதன்முதலில் 1727ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, ஏப்ரல் 11இல், லைப்சிக்கில் பாடப்பட்டது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. அது மாலை வழிபாட்டின் பகுதி. இரு பாகங்களுக்கும் நடுவே நீண்ட மறையுரை இருந்தது. பாக் 1750இல் மறைந்த பின் அது ஏறக்குறைய மறக்கப்பட்டது. யூதக் குடும்பத்தில் பிறந்து சிறு வயதில் திருமுழுக்குப் பெற்ற மெண்டல்சன், தம் இருபதாம் வயதில், 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் அதை மீண்டும் உயிர்ப்பித்தார். அது ஆலயத்தில் அன்று, இசைக் கழகத்தின் அரங்கில். ஆலயம் மறந்ததை அரங்கு நினைவில் வைத்திருந்தது என்பதை நாம் எப்படி மறுக்க முடியும்?

நிகழ்ச்சி முடிந்து வெளியேறுகையில் பாடகியருள் ஒருவர் நம்மை அடையாளம் கண்டு அருகில் வந்தார். அவ்வாண்டு சனவரியில் அவருடைய தாயை நாம் அடக்கம் செய்திருந்தோம். இந்நாட்டில் வருமான வரியோடு திருச்சபை வரியும் பிடிக்கப்படும். திருச்சபையை விட்டு விலகுவோர் அரசு அலுவலகத்தில் கையெழுத்திட்டு விலகுவர். இருபது ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு விலகியவர் அவர். மீண்டும் வரும்படி தம்மை அழைக்க வேண்டாம் என்று கல்லறைத் தோட்டத்திலேயே நம்மிடம் சொல்லியிருந்தார். அன்றிரவு குளிரில் நின்றபடி சொன்னார்: “பங்குத்தந்தையே, அவரைச் சிலுவையில் அறையும்படி கத்தியவளும் நான்தான். அடுத்த பக்கத்தில் அவருக்காக அழுதவளும் நான்தான். ஒத்திகையில் இருபது முறை கத்தியிருப்பேன். இன்று கத்த முடியவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.”

என்ன மறுமொழி சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று அவரும் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பும் வழியில் நம் சொந்த ஊர் நினைவுக்கு வந்தது. நாம் சிறுவனாயிருந்த காலத்தில் பெரிய வியாழன் இரவு வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை பாஸ்கா நாடகமும் உண்டு. யூதாசு வேடம் கட்டுபவர் ஒருவர் இருந்தார். ஆண்டு முழுவதும் கோயில் பக்கம் தலைகாட்ட மாட்டார். நாடகத்தன்று பிற்பகல் மட்டும் பங்குச் சாமியாரைத் தேடி வந்து பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வேடம் கட்டுவார். வேடம் உடம்பில் ஒட்டிக்கொண்டுவிடும் என்ற பயம் என்று ஊரார் சிரிப்பார்கள். சாமியார் சிரித்ததில்லை.

பாட்டின் இனிமை பாட்டின் பொருளை விழுங்கிவிடுமோ என்று புனித அகுஸ்தீனாரே தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பிரிவில் தடுமாறியிருக்கிறார். ஆலயத்தில் பாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். எனினும் பொருளைவிடக் குரலே தம்மை உருக்கும்போது அதைப் பாவமெனக் கருதி வருந்தினார். அவருடைய அச்சம் நியாயமானதே. பார்சிஃபாலின் புனித வெள்ளிக் காட்சியில் நமக்கு அந்த அச்சம் உண்டு. நற்கருணை வழிபாட்டைப் போன்றதொரு சடங்கை மேடையில் நிகழ்த்தி, புல்வெளியையும் மலர்களையும் மீட்பின் மகிழ்ச்சியில் மிதக்கவிடும் அவ்விசை பேரழகுதான். ஆனால் பாடுபட்டவரைவிடப் பாட்டை எழுதியவரே அதில் பெரிதாகத் தெரிகிறார் என்பது நம் கருத்து. இதை இங்கே சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். தமிழில் எழுதுவதால் தப்பித்தோம்.

அதற்காக மேடையையே குறை சொல்லவும் மனம் வரவில்லை. பூலாங்க்கின் ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ 1957 சனவரியில் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் முதன்முதலில் நடிக்கப்பெற்ற இசைநாடகம். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 சூலை 17 அன்று பாரிசில் தலை வெட்டப்பட்ட கொம்பியேன் நகரத்துக் கார்மேல் சபையினர் பதினாறு பேரின் வரலாறு அது. இறுதிக் காட்சியில் அன்னை மரியாவின் ‘சால்வே ரெஜினா’ என்னும் பாடலை எல்லாரும் சேர்ந்து பாடியபடி கொலைக்களம் ஏறுகிறார்கள். கத்தி விழும் ஒவ்வொரு முறையும் ஒரு குரல் குறைகிறது, பாட்டு நிற்பதில்லை. அப்பதினாறு பேரையும் 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிசு புனிதர் வரிசையில் சேர்த்தார். அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்காக மக்கள் கண்ணீர் விட்டது அரங்குகளில்.

சென்ற குளிர்காலத்தில் ஹேண்டலின் ‘மெசியா’ பற்றிப் படிக்க நேர்ந்தபோது நம்மைப் போன்ற ஒருவரை அங்கே கண்டோம். ‘கலிவர்’ கதையை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், ஆங்கிலிக்கன் சபையின் குரு. டப்ளின் நகரத்துப் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைவர். 1742 சனவரியில், முதுமையும் நோயும் வாட்டிய எழுபத்து நான்காம் வயதில், தம் ஆலயப் பாடகர்கள் ஃபிஷாம்பிள் தெருவின் இசைக்கூடத்தில் பாடலாகாது என்று கடுமையாகத் தடை எழுதினார். பின்பு அத்தடை தளர்ந்தது. ஏப்ரல் 13 அன்று அந்தக் கூடத்தில்தான் மெசியா முதன்முதலாகப் பாடப்பட்டது. சீமாட்டிகள் வளையம் வைத்த பாவாடை அணிய வேண்டாம், கனவான்கள் வாள் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டதால் எழுநூறு பேர் நெருக்கி அமர முடிந்தது. வசூல் மூன்று அறப்பணிகளுக்குப் பகிரப்பட்டது. இரண்டு மருத்துவமனைகள் போக, கடனுக்காகச் சிறையில் கிடந்தோருக்கென்று ஒரு பங்கு. அதனால் 142 பேர் விடுதலை பெற்றனர். நுழைவுச்சீட்டைக் கண்டு முகம் சுளித்த நம் கண்களுக்கு இந்த எண் நெடுநேரம் உறுத்தியது.

அன்று பாடிய சூசன்னா சிபர் என்னும் நடிகை, சில ஆண்டுகளுக்கு முன் இலண்டன் நீதிமன்றத்தில் பெயர் கெட்டவர். இகழப்பட்ட ஆண்டவரைப் பற்றிய பாடலை அவர் பாடியபோது, அதே புனித பேட்ரிக் பேராலயத்தைச் சேர்ந்த குரு ஒருவர் எழுந்து, இப்பாட்டுக்காக அப்பெண்ணின் பாவங்களெல்லாம் மன்னிக்கப்படட்டும் என்று உரக்கச் சொன்னதாக வழிவழியாகக் கூறுகிறார்கள். இறையியல் முறைப்படி இதில் குற்றம் காணலாம். தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திராது. இருந்தும் அந்தக் குருவைப் பார்த்து நமக்குப் பொறாமையாய் இருக்கிறது. நாம் தூணுக்குப் பின்னால் வாய் மூடி அமர்ந்திருந்தவர் அல்லவா?

இம்முறை பாடகர் குழுத் தலைவருக்கு நாமே முதலில் எழுதினோம். புனித வெள்ளி மட்டும் வேண்டாம் என்பதில் உறுதியாய் நின்றோம். அந்நாளின் வெறுமையை எந்த இசையும் நிரப்ப வேண்டியதில்லை என்று இன்றும் நம்புகிறோம். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு மாலை என்று முடிவாயிற்று. நுழைவுச்சீட்டு கிடையாது, வாயிலில் காணிக்கைக் கூடை இருக்கும். நற்கருணைப் பேழை பக்கச் சிற்றாலயத்துக்கு மாறும். பாடுவோர் பீடப்படிகளுக்குக் கீழே நிற்பர்.

சிக்கல்கள் தீர்ந்தபாடில்லை. வயோலா டா காம்பா என்னும் பழைய நரம்புக் கருவியை மீட்டுபவர் வேற்றூரிலிருந்து வர வேண்டும். அவருக்கும் தனிப்பாடகர்களுக்கும் ஊதியம் தர வேண்டும். கூடையை நம்பி வாக்குறுதி கொடுக்க முடியாது என்கிறார் குழுவின் பொருளாளர். முன்வரிசைக்காவது சீட்டு வைக்கலாம் என்று பங்குப் பேரவையில் ஒருவர் வாதிட்டார். பணம் தந்தோர் முன்னும் தராதோர் பின்னுமாக ஆலயத்தில் அமர்வதைக் காணச் சகியோம் என்று இன்னொருவர் மேசையைத் தட்டினார். வெப்பமூட்டும் செலவைப் பங்கு ஏற்கும் என்ற மட்டில் இணக்கம் ஏற்பட்டது. குறைவு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அம்மையார் சென்ற வாரம் ஒத்திகைக்காக நம் ஆலயத்துக்குள் வந்தார். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார், காட்டினோம். தம் தாய் வழக்கமாக அமரும் இருக்கை அங்கிருந்து தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தார். வேறொன்றும் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இப்போது நம் முன்னுள்ள வேலை நாற்காலிகள். இன்னும் அறுபது தேவைப்படுமாம். அடுத்த தெருவிலுள்ள லுத்தரன் சபைப் போதகரிடம் இரவலாகக் கேட்டிருக்கிறோம். வியாழக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.