குருதியில் ஒரு சிறு தொழிலாளி

நெய்வேலியில் பிறந்து வளர்ந்த எமக்குக் கரி புதிய பொருளன்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீர் வேண்டித் துளையிட்டபொழுது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரியே, 1962-ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் மின்சாரமாக மாறி வருகின்றது. கரி எரியுமிடத்துக் கரியமில வாயுவும் பிறக்கும். மின்சாரம் செல்லக் கம்பிகள் உண்டு. அவ்வாயுவுக்கோ வானளாவிய புகைபோக்கியே வழி.

நம் உடலும் ஓர் உலையே. உண்ட உணவு பிராணவாயுவோடு கூடுங்கால் ஆற்றலும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. இவ்வாயுவை நுரையீரலுக்குச் சுமந்து செல்வது குருதி. அதன் பெரும்பகுதி நீரோடு சேர்ந்து, பைகார்பனேட்டாகக் கரைந்து செல்கின்றது. நுரையீரலை அடைந்ததும் மீண்டும் வாயுவாதல் வேண்டும். இம்மாற்றம் தானே நிகழப் பல நொடிகள் ஆகும். குருதியோ நுரையீரலின் நுண்குழாய்களில் ஒரு நொடிக்கும் குறைவாகவே தங்குகின்றது. அங்ஙனமாயின் நாம் உயிர் வாழ்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை 1933-ல் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. மெல்ட்ரம், ரௌட்டன் என்னும் இருவர், செவ்வணுக்களினுள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும் நொதியொன்றைக் கண்டனர். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்பது அதன் பெயர். நொதியென்பது, தான் செலவாகாது பிற பொருள்களின் மாற்றத்தைத் துரிதப்படுத்தும் புரதமாம். இது ஏறத்தாழ 260 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை. நடுவே ஒரேயொரு துத்தநாக அணு. செவ்வணுவில் இதன் இரு வகைகள் சிறப்பாக உள. அவற்றை ஆக்கும் மரபணுக்கள் எட்டாம் குரோமோசோமில் அருகருகே அமைந்துள்ளன. முதல் வகை அளவில் மிகுந்தது. இரண்டாவது வேகத்தில் மிகுந்தது.

ஒன்று இல்லாவிடின் என்னாகும்? கிரேக்க நாட்டு இக்காரியத் தீவினைச் சார்ந்த குடும்பமொன்றில் சிலருக்கு முதல் வகை இல்லையென்பது 1977-ல் வெளியாயிற்று. அவர்களோ நலமாகவே இருந்தனர். இரண்டாம் வகை இல்லாதாரை 1983-ல் கண்டறிந்தனர். அவர்தம் எலும்பு இறுகி எளிதில் முறிந்தது, சிறுநீரகமும் தளர்ந்தது. ஆயினும் மூச்சு நிற்கவில்லை. ஒருவர் வாராத நாளில் மற்றவர் வேலையைத் தாங்கும் தொழிலாளரை எம்மூரார் நன்கறிவர்.

எம் பாட்டியாருக்குக் கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வை குறையலாயிற்று. மருத்துவர் அளித்த அசெட்டசோலமைடு மாத்திரை இந்நொதியைத் தடுப்பது. கண்ணினுள் நீர் சுரப்பதற்கும் இதுவே துணையாதலின், இது தடைப்படச் சுரப்புக் குறையும், அழுத்தமும் தணியும். மாத்திரை உண்ட நாள்களில் அவர் விரல்நுனிகள் மரத்தன. கோலி சோடா வெறுந்தண்ணீராயிருக்கின்றதெனக் கடைக்காரரைக் கடிந்துகொண்டார்! பாவம், அவர் செய்த குற்றம் யாது? சோடாவின் சுருக்கினை நாவுக்கு உணர்த்துவதும் இந்நொதியினத்தைச் சேர்ந்த ஒன்றே. இழந்த பார்வை மீளவில்லை, எஞ்சியது நிலைத்தது. எம் கடிதங்களை இன்றும் அவரே படிக்கின்றார்.

எரிப்பதற்கு எத்துணைத் திறன் வேண்டுமோ, எரிந்ததன் மிச்சத்தை அகற்றவும் அத்துணைத் திறன் வேண்டுமென்பதை உடல் அறிந்துள்ளது. நம் உலைகள் இன்னும் அறிந்தில. புகைபோக்கியின் வாயுவைப் பற்றிக்கொள்ள இந்நொதியையே துணைக்கொள்ள அறிஞர் முயன்று வருகின்றனர். அம்முயற்சி கைகூடுமாயின், முதற்கண் மகிழ்வது எம்மூராகவே இருக்கும்.