நூற்றைந்து செக்கன்களுக்குப் பின்

பனியை நான் நேரிற் கண்டவனல்லன். குளிர்சாதனப் பெட்டியின் மேலறையிற் படியும் வெண்பொருக்கே நான் தொட்டறிந்த பனி. இருந்தும், இன்ஸ்புரூக் நகரருகேயுள்ள பற்ஷர்கோபல் மலைச்சரிவின் வளைவுகள் எனக்கு மனப்பாடம் என்றால் நண்பர்கள் நகைக்கிறார்கள். முதலாண்டு மாணவருக்கு வளித்தடையை விளக்கவென்று ஆண்டுதோறும் ஒரே படத்துண்டைக் காட்டிவந்ததனால் விளைந்த அறிவு அது.

படத்தில் இறங்குபவர் பிரான்ஸ் கிளாமர். ஒஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்து மூஸ்வால்ட் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்திலே பிறந்தவர். நாள் 1976 பெப்ரவரி 5. வயது 22. முந்திய பருவத்தில் உலகக் கிண்ணப் பனிச்சறுக்கின் ஒன்பது இறக்கப் போட்டிகளுள் எட்டை அவரே வென்றிருந்தார். ஆகவே சொந்த மண்ணில் நிகழ்ந்த ஒலிம்பிக்கில் அவர் தோற்கலாம் என்று எண்ணவும் அந்நாட்டவர் ஒருப்படவில்லை. ஆனால், 1972இல் சப்போரோவிலே தங்கம் பெற்ற சுவிற்சர்லாந்து வீரர் பேர்ண்ஹாட் ரூசி முன்னரே இறங்கி, 1 நிமிடம் 46.06 செக்கனில் ஓட்டத்தை முடித்திருந்தார். கிளாமரின் இலக்கம் 15. பாதி வழியில் அவர் ரூசிக்குப் பின்தங்கியே இருந்தார்.

வேகம் இரட்டித்தால் வளித்தடை நான்மடங்காகும். எனவே உடலை முட்டைபோல் ஒடுக்கி இறங்குவதே இவ்விளையாட்டின் இலக்கணம். மஞ்சளுடை தரித்த கிளாமரோ இரு கைகளையும் காற்றில் வீசி, ஒரு காலிலே தள்ளாடி, வேலியை உரசுவார்போல வருகிறார். உண்மையைச் சொன்னால், என் பாடத்துக்கு அவர் நல்ல உதாரணமல்லர். 3,020 மீற்றரை 1 நிமிடம் 45.73 செக்கனிற் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 103 கிலோமீற்றர். 0.33 செக்கன் வேறுபாடு அவ்வேகத்தில் ஒன்பது மீற்றர் சொச்சம்; எங்கள் விரிவுரை மண்டபத்தின் அகலம். இந்தக் கணக்கோடு விளக்கைப் போட்டுவிடுவது என் வழக்கம்.

ஓராண்டு, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார், சேர்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பத்து ஆண்டுகளாக ஒரு மனிதரை 105 செக்கன்களுக்குள் அடைத்து வைத்திருந்திருக்கிறேன்.

தேடிப் படித்தேன். 1977இல் அவருடைய தம்பி பந்தயமொன்றில் விழுந்து நடக்கும் ஆற்றலை இழந்தார். அதன் பின்னும் அண்ணன் அதே சரிவுகளில் இறங்கவேண்டியிருந்தது. 1978 வரை தொடர்ந்து நான்கு பருவங்கள் இறக்கப் போட்டிக்கான கிண்ணம் அவர் கையிலேயே இருந்தது. பின்னர் வெற்றி நின்றது. 1981 திசம்பர் வரை ஒன்றேனும் இல்லை. 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஒஸ்திரிய அணியில் நடப்புச் சம்பியனுக்கு இடங்கிடைக்கவில்லை. மேலதிக வீரராகக் கொண்டுசெல்லப்பட்ட லியோன்ஹாட் ஸ்ரொக் என்பவரே அங்கு தங்கம் வென்றார். அச்செய்தியைக் கிளாமர் எந்த அறையிலிருந்து கேட்டிருப்பார் என்று பல இரவுகள் எண்ணியதுண்டு.

இப்படி எண்ணியதற்குக் காரணம் உண்டு. என் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை நெறியாளர் திருப்பியனுப்பி அப்போது மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. அக்கோவை அலுமாரியின் மேலே கிடந்தது. அதனை எடுக்காதிருப்பதற்கு விரிவுரைகள், வினாத்தாள்கள், குழந்தையின் காய்ச்சல் என்று நியாயங்கள் நிறைய வைத்திருந்தேன்.

கிளாமர் விலகவில்லை. இடையிலான பருவங்களில் பத்தாமவராகவும் இருபதாமவராகவும் வந்து, கீழே நின்று, இளையவர் வெல்வதைப் பார்த்திருக்கவேண்டும். 1981இல் வால்டிசேரில் மீண்டும் வென்றார். 1983இல் இறக்கப் போட்டிக் கிண்ணத்தை ஐந்தாம் முறை பெற்றார். 1984 ஜனவரியில், அச்சம் தரும் கிட்ஸ்புகல் சரிவில், தமது 25ஆவது உலகக் கிண்ண இறக்க வெற்றியை ஈட்டினார். அடுத்த மாதமே சரயேவோ ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது பத்தாமிடம். 1985இல் ஓய்ந்தார்.

அம்மாணவிக்கு இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பத்தாமிடம் வந்த ஓட்டத்தின் படம் இருக்கிறதா, சேர்?" என்றாள். அதனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அலுமாரிக் கோவையைச் சென்ற மாதம் இறக்கினேன். மூன்றாம் அத்தியாயத்தின் ஓரங்களை மட்டுமே பூச்சி அரித்திருந்தது.