மூன்றாம் பம்பு வழக்கு

ஹைதராபாத் பம்புகளை நம்பி வாழும் ஊர். 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு நிஜாம் அரசு கட்டிய உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) ஊரைவிட மேட்டில் இருந்ததால் தண்ணீர் சரிவிலேயே இறங்கி வந்தது. இன்றைக்கு அது போதவில்லை. நாகார்ஜுன சாகர் முழுக்க நிரம்பினாலும் அதன் நீர்மட்டம் 590 அடி, அதாவது சுமார் 180 மீட்டர்தான். நகரமோ கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கிருஷ்ணா தண்ணீரைக் கட்டம் கட்டமாக ஏற்றித்தான் நம் வீட்டுக் குழாய்க்குக் கொண்டுவருகிறார்கள். இவ்வளவு பம்பு ஓடும் ஊரில் பம்பு வழக்கு வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பெரும்பாலான வழக்குகளில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பேச்செல்லாம் பில், தாமதம், அபராதம் பற்றித்தான். தண்ணீரே சாட்சியாக வந்த வழக்கு எனக்கு ஒன்றுதான் வாய்த்தது.

நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை தனக்கென்று பம்பு ஹவுஸ் கட்டியிருந்தது. வரிசையாக நான்கு செங்குத்துப் பம்புகள். கட்டடமும் சம்ப்பும் (பம்புகள் தண்ணீர் உறிஞ்சும் தொட்டி) ஒரு ஒப்பந்ததாரர் கையில், பம்புகள் என் கட்சிக்காரர் கையில். ஓட ஆரம்பித்த சில மாதங்களில் மூன்றாம் பம்பு மட்டும் தொல்லை கொடுத்தது. பேரிங் தேய்ந்தது. மாற்றினார்கள், மறுபடி தேய்ந்தது. கழற்றிப் பார்த்தால், பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களின் முன்விளிம்பில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். தயாரிப்புக் குறை என்று முடிவுகட்டி, தொழிற்சாலை என் கட்சிக்காரர் கொடுத்திருந்த பேங்க் கியாரண்டியைப் பணமாக்கிக்கொண்டது. விவகாரம் ஆர்பிட்ரேஷனுக்கு வந்தது. நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி.

எதிர்த்தரப்பின் வாதம் நேரானது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு: எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும். என் கட்சிக்காரரிடம் இருந்ததோ பம்புகளைச் செய்த இடத்திலேயே சோதித்துத் தந்த சான்றிதழ். நான்கு பம்பும் ஒரே மாதிரி தேறியிருந்தன. அந்தச் சான்றிதழ் பொய்யில்லை. இதழில் குழி விழுந்ததும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகும்? வழக்கின் கரு இதுதான். இதைப் புரிந்துகொள்ள நான் சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இன்ஜினியர்களிடம் போய் உட்கார்ந்தேன்.

அவர்கள் சொன்னது இது. சோதனை மேடையில் பம்புக்குள் தண்ணீர் நேராக, சீராக நுழைகிறது. இதழ்களின் கோணம் அந்த நேரான வருகைக்காகக் கணக்கிடப்பட்டது. சம்ப்பிலோ தண்ணீர் திரும்பி வருகிறது, சுவரில் உரசிப் பிரிகிறது, சுழிக்கிறது. அந்தச் சுழற்சி இம்பெல்லர் சுற்றும் திசையிலேயே இருந்தால் பம்பின் தூக்குசக்தி குறையும். எதிர்த்திசையில் இருந்தால் மோட்டார் மீது சுமை ஏறும். இதைவிட மோசம், சுழி நிலையாக நிற்பதில்லை. பிறக்கும், நகரும், அறுந்துபோகும், மறுபடி பிறக்கும். ஒவ்வொரு இதழும் ஒரு சுற்றுக்குள்ளேயே ஏறி இறங்கும் அடியை வாங்குகிறது. பிரஷர் கேஜ் முள்ளில் தெரிவது சராசரி மட்டும்தான், அந்தச் சராசரி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உலோகம் களைத்துப்போவது சராசரியால் அல்ல, ஏற்ற இறக்கத்தால்.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் பார்த்த கொடூரமான சான்று ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் விட்டுப்போய், யந்திரமே மேலே எறியப்பட்டது. 75 பேர் செத்தார்கள். பரிசோதித்த 49 போல்ட்டுகளில் 41-ல் களைப்பு விரிசல் இருந்தது. அந்த டர்பைன் ஓடக்கூடாத சுமை எல்லை ஒன்றுண்டு, அதற்குள் நீரோட்டம் கொந்தளிக்கும். சுமையை ஏற்றி இறக்கியபோதெல்லாம் அந்த எல்லையைக் கடந்துதான் ஓட்டினார்கள். அதிர்வும் அளவுகோலில் பதிவாகியே இருந்தது.

எங்கள் வழக்கில் முதல் திருப்பம் எதிர்த்தரப்பு நிபுணரின் குறுக்கு விசாரணையில் வந்தது. இம்பெல்லர் சமநிலை இல்லாமல் வார்க்கப்பட்டது, அதிர்வுக்கு அதுவே காரணம் என்றார். பம்பின் வேகம் நிமிடத்துக்கு 990 சுற்று, அப்படியானால் விநாடிக்கு 16.5. சமநிலைக் குறை என்றால் அதிர்வு அந்த 16.5-ல்தானே ஓங்கி நிற்க வேண்டும் என்று கேட்டேன். ஆமாம் என்றார். சம்ப்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அது மாறுமா? மாறாது என்றார். அவர் அறிக்கையோடு இணைத்திருந்த அதிர்வு வரைபடத்தையே அவர் முன் வைத்தேன். ஓங்கிய அதிர்வு 16.5-ல் நிற்கவில்லை. அதற்குக் கீழே அலைந்துகொண்டிருந்தது. சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. எந்தெந்த நாள்?

அதற்கான விடை ஆபரேட்டரின் லாக் புக்கில் இருந்தது. தொழிற்சாலையிடமிருந்து அந்த நோட்டை வரவழைக்க நாங்கள் மனுப் போட வேண்டியிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த, முனை மடங்கிய நோட்டு. ஷிஃப்டுக்கு ஒரு வரி: எந்தெந்த பம்பு ஓடியது, சம்ப் மட்டம் எவ்வளவு. ஓரத்தில் தெலுங்கில் ‘சப்தம்’ என்று ஒரு குறிப்பு, சில வரிகளில் மட்டும். அந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து அடுக்கினேன். எல்லாமே இரண்டாம், மூன்றாம் பம்புகள் சேர்ந்து ஓடி, மட்டம் தாழ்ந்திருந்த நேரங்கள். யாருக்கும் சாட்சியம் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் எழுதப்பட்ட எழுத்து. அதைவிட நம்பத்தக்க சாட்சியத்தை நான் பார்த்ததில்லை.

ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 20(3) பிரிவு, நடுவர்கள் நேரில் போய்ப் பார்வையிட இடம் கொடுக்கிறது. அப்படிக் கேட்டு, அழைத்துப் போனோம். மட்டத்தை இறக்கி, இரண்டையும் மூன்றையும் ஓட்டச் சொன்னார்கள். சரளைக்கல்லைக் கொட்டி அரைக்கிற மாதிரிச் சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. ஆபரேட்டர் வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கிள்ளிப் போட்டு, “இக்கட சூடண்டி சார்” (இங்கே பாருங்கள் சார்) என்றார். இலைகள் முதலில் சும்மா மிதந்தன. பிறகு மூன்றாம் பம்பின் பக்கம் நகர்ந்து, ஒரு மூலையில் வட்டமிட்டு, ஒவ்வொன்றாக உள்ளே போயின. அந்த மூலையில்தான் வரத்துக் கால்வாய் திரும்பிச் சம்ப்பில் நுழைகிறது. நீதிபதி கம்பியைப் பிடித்தபடி குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “தண்ணீர் எல்லா பம்புக்கும் ஒரே மாதிரி வரவில்லையே” என்றார்.

அப்போது எதிர்த்தரப்பு ஒரு நல்ல வாதத்தை எடுத்தது. ஒப்பந்தம் ஏற்றிருந்த அமெரிக்க ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டின் 9.8 தரக்குறிப்பு, ஒரு பம்பு விநாடிக்குச் சுமார் 2,500 லிட்டருக்கு மேல் இறைத்தால் சம்ப்புக்கு மாதிரிச் சோதனை கேட்கிறது. இது சின்ன நிலையம், ஆகவே அவசியமில்லை என்றார்கள். அதே குறிப்பின் இன்னொரு வரியை நான் வாசித்தேன்: அளவு எதுவானாலும், தண்ணீர் சீரில்லாமல் வருமானால் சோதனை வேண்டும். பிறகு நடுவர் மன்றம் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 26-வது பிரிவின்கீழ் அமர்த்திய நிபுணர் சிறு மாதிரி செய்து சாயம் விட்டுப் பார்த்தார். பம்புக்குள் நுழையும் நீரின் சுழற்கோணம் 5 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரக்குறிப்பின் வரம்பு. மூன்றாம் பம்பில் அது தாண்டியது.

ஆனால் எங்களுக்கு எதிராகவும் ஒரு தாள் இருந்தது. சம்ப்பின் வரைபடம் என் கட்சிக்காரரின் அலுவலகத்துக்கு வந்து, ‘ஆட்சேபம் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பிப் போயிருந்தது. கால்வாயின் திருப்பம் அதில் பளிச்சென்று தெரிகிறது. பம்பு செய்பவருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதை மறுத்து வாதாட எனக்கு மனமும் வரவில்லை. சம்ப்பின் சுவருக்கும் பம்பின் வாய்க்கும் நடுவில் கிடந்த தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். சத்தம் கேட்ட பிறகும் இரண்டையும் மூன்றையும் சேர்த்தே ஓட்டினார்களே என்பதையும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு விளக்கத்தைக் காட்டி எடுத்து வைத்தேன். நஷ்டத்தைக் குறைக்கக் கையில் வழி இருந்ததா என்பதையும் நஷ்ட ஈட்டுக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது அது.

தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. தயாரிப்புக் குறை இல்லை, கியாரண்டிப் பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். முத்திரை குத்தியதற்காக, சம்ப்பைத் திருத்தும் செலவில் ஒரு பங்கு எங்கள் தலையில் விழுந்தது. பம்பு வாய்க்கு அடியில் ஒரு கூம்பு, பின்னால் ஒரு பிரிப்புச் சுவர், திருப்பத்தில் தடுப்புப் பலகைகள், திருத்தம் அவ்வளவுதான். வேலை முடிந்தபின் அதே மட்டத்தில் அதே இரண்டு பம்புகளையும் ஓட்டிப் பார்த்து, அதிர்வு அறிக்கையை இரு தரப்பும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-வது பிரிவின்கீழ் மேலே போக இருந்த மூன்று மாதக் கெடுவுக்குள் யாரும் மனுப் போடவில்லை.