அப்பளத் தெருவிலிருந்து ஆதித்யா வரை... கல்லிடைக்குறிச்சி ரயில் போகும் தூரம்!

கல்லிடைக்குறிச்சி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அப்பளம்தான். உளுந்து மாவு எங்கேயும் கிடைக்கும். தாமிரபரணித் தண்ணீர் கிடைக்குமா என்பது ஊர்க்காரர்களின் கேள்வி. நியாயம்தான். அந்த மாவைப் பிசைந்து, உருட்டி, தேய்த்து, வெயிலில் காயவைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை.

தெருக்களைச் சுற்றிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனால், மேற்கே மலை நீலமாகத் தெரிகிறது. திருநெல்வேலி - செங்கோட்டை பாதையில் இந்த ஊர் இடையில் இருக்கிறது. இந்தப் பாதையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் படிப்பு தெரியும்.

செங்கோட்டை முனையில் பிறந்தவர் நிகர் ஷாஜி. விவசாயியின் மகள். உள்ளூர்ப் பள்ளியில் படித்துவிட்டு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் சேர்ந்தார். 1987-ல் இஸ்ரோவில் வேலை. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்துக்கு அவர்தான் திட்ட இயக்குநர். 2023 செப்டம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்த விண்கலம், 2024 ஜனவரி 6-ல் தன் இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. அதாவது, நிலா இருக்கும் தூரத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு!

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு தூரம். அந்த அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது 1981-ல். அவர் பள்ளியை முடித்த நேரத்தில், சென்னைக்கோ கோவைக்கோ போகாமல், பக்கத்திலேயே குறைந்த செலவில் இன்ஜினீயரிங் படிக்க ஓர் இடம் இருந்தது. திறமையைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். இதையும் கொஞ்சம் எழுதலாம்.

இன்றைய நிலவரம் என்ன? பிளஸ் டூ படிக்கும் மகள் இருக்கும், அப்பளம் தேய்க்கும் அம்மா ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன்.

"இன்ஜினீயரிங்குதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. மெக்கானிக்கலாம்! அது ஆம்பளப் பயலுவ படிக்கதுல்லா? சாயங்காலம் ரயிலு லேட்டாச்சுன்னா வெளக்கு வெச்ச பொறவுதான் வீட்டுக்கு வருவா. அவ அப்பா அதுக்குத்தான் யோசிக்காவ."

சென்னை கிண்டியில் 1940-களிலேயே எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்து முடித்த ஏ.லலிதாவைப் பற்றிச் சொன்னேன். கைக்குழந்தையோடு இருந்தபோது கணவரை இழந்தவர் அவர். "அந்தக் காலத்துலயேவா?" என்று தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பிறகு பணக்கணக்கு பேசினோம். மகள் படிப்பது அரசுப் பள்ளி. பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2022-ல் தொடங்கிய திட்டம் இது. ஆயிரம் ரூபாய் அவருக்குத் தெரிந்திருந்தது, 7.5% தெரியவில்லை. கவுன்சலிங்குக்கு எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

நான் கிளம்பும்போது, கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு வாசல் வரை வந்தார்.

"ஏம்மா, அந்தத் திருநவேலி காலேஜுல பொம்பளப் புள்ளைகளுக்கு ஹாஸ்டல் இருக்கா?"

இருக்கிறது.