மரை கழன்ற துப்பாக்கி

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் உள்ளது பர்மிங்ஹாம் நகரம். பேனா முள் முதல் நீராவிப் பொறி வரை உலோகப் பொருள்கள் பலவற்றை உலகுக்கு வழங்கிய பட்டறைகள் நிறைந்த ஊர் அது. துப்பாக்கித் தொழிலும் அங்கே தழைத்திருந்தது.

அந்நகரில், பட்டறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வாழ்ந்து வந்தார். அவர் வீட்டில் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவருடைய தந்தையார் இளமையில் வாங்கியது அது. அதற்கு வெடிமருந்து வேண்டா. இரும்பு உருளையினுள் வலிய சுருள்வில் ஒன்று அடங்கியிருக்கும். விசையை இழுத்தால் வில் விரிந்து தண்டினை முன்னே தள்ளும்; தண்டு காற்றை நெருக்கும்; நெருக்குண்ட காற்று சிறிய ஈயக் குண்டினைக் குழல் வழியே உந்தும். தண்டு பாய்ந்து நிற்கும் போதெல்லாம் துப்பாக்கி முன்னும் பின்னும் அதிரும். அவ்வதிர்ச்சியால், மரக்கட்டையை இரும்போடு பிணைக்கும் திருகாணிகள் மெல்ல மெல்லத் தளரும்.

அவ்வாறு தளர்ந்த திருகாணி ஒன்று எங்கோ விழுந்து தொலைந்தது. முதியவரின் பேரன் பதினைந்து வயதுச் சிறுவன். அவன் எவரிடமும் சொல்லாமல் கடைக்குச் சென்று, புதிய திருகாணி ஒன்றை வாங்கி வந்து முடுக்கினான். அது சற்றே ஆடிற்று. ஆடுகிறதே என்று மேலும் முடுக்கினான். திடீரெனத் திருப்புளி பிடிப்பின்றிச் சுழன்றது. துளையினுள் இருந்த மரை அழிந்துவிட்டது. அறிவு தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்பது நம் நாட்டு வழக்கு. பட்டறையில் நொந்தவர் எவரோதாம் அச்சொல்லை முதலில் சொல்லியிருத்தல் வேண்டும்!

“திருகாணி நன்றாக நுழைந்ததே, தாத்தா!” என்றான் சிறுவன்.

“நுழைந்தது, பொருந்தவில்லை” என்றார் முதியவர். அதற்குமேல் அவர் கடிந்து கொள்ளவில்லை. அதுவே அவனுக்குப் பெருந்துன்பமாயிற்று.

முன்னாளில் ஒரு பட்டறையின் திருகாணி மற்றொரு பட்டறையின் மரையில் ஏறுவது அரிது. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறிஞர், பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி அளந்தார். மரையின் கோணம் 55 பாகை என்றும், இன்ன பருமனுக்கு இத்தனை மரை என்றும் பொது அளவு வகுத்தார். பின்னர், 1965ஆம் ஆண்டு முதல் அந்நாடு அங்குலத்தை விட்டு மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது. துப்பாக்கியின் மரையோ பழையது: கால் அங்குலப் பருமன், அங்குலத்துக்கு 26 சுற்று. சிறுவன் வாங்கியது 6 மில்லிமீட்டர்த் திருகாணி. கால் அங்குலமாவது 6.35 மில்லிமீட்டர். சுற்றுக்குச் சுற்று இடைவெளி பழையதில் ஏறக்குறைய 0.98 மில்லிமீட்டர், புதியதில் 1 மில்லிமீட்டர். இவ்வளவு நெருங்கி வந்ததே கேடாயிற்று. முற்றிலும் மாறான அளவாயின், திருகாணி துளையின் வாயிலிலேயே நின்றிருக்கும்.

முதியவர் சுருள்வில்லை எச்சரிக்கையாகக் கழற்றி வைத்தார். “எஞ்சியுள்ள மரையையும் இனி அழிக்க வேண்டும்” என்றார். சிறுவன் திகைத்தான். துளையைப் பெரிதாக்கி, அதில் பெரிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகிப் பதித்தால், அச்சுருளின் உட்புறம் பழைய அளவு மரையாக அமையும். செய்தற்கு அரியதன்று. ஆயின், அத்துளைக்கு அடியில் மெல்லிய சுவர் ஒன்றே இருந்தது. அதற்கப்பால் தண்டு ஓடும் உருளை! துளைக்கும் அலகு சிறிது மிஞ்சினாலும் உருளை பொத்துவிடும், துப்பாக்கி பாழாகும்.

முதியவர் அலகின்மேல், வேண்டிய ஆழத்துக்கு நேராக, வண்ண நாடா ஒன்றைச் சுற்றினார். பின் தம் கையைப் பார்த்தார். அது நடுங்கிற்று. கருவியைப் பேரனிடம் நீட்டினார்.

“நானா? கெடுத்தவனே நான்தானே, தாத்தா?”

“கெடுத்த கைக்கு அவ்விடம் நன்கு தெரிந்திருக்குமே!”

சிறுவன் மூச்சை அடக்கித் துளைத்தான்; நாடா இரும்பைத் தொட்டதும் நிறுத்தினான். அடுத்து மரை வெட்டும் வேலை. அதற்கு மூன்று டேப்புகள் உண்டு. முதலாவது நுனி ஒடுங்கியது, அடிவரை வெட்டாது. கடைசியானது நுனி மழுங்கியது, அடிவரை செல்லும். எண்ணெயிட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்புதல் வேண்டும். பின்னே திருப்பினால்தான் சீவல் முறியும். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே ஒடிந்துவிடும். முற்பகல் முழுதும் அதிலேயே கழிந்தது. முதியவர் அருகிருந்து, “எண்ணெய்” என்ற ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கூறினார்.

கம்பிச் சுருள் அமைந்தது. அதன் வாலை ஒடித்து எடுத்தனர். பழைய கருவிகள் விற்பவரிடம் தேடிப் பெற்ற கால் அங்குலத் திருகாணியைச் சிறுவன் விரலாலேயே சுழற்றினான். ஆடாமல், தடுங்காமல் அது அடிவரை இறங்கிற்று.

கட்டையைப் பூட்டுமுன் முதியவர் சிறு தாள் ஒன்றை எடுத்தார். ‘கால் அங்குலம், 26 மரை’ என்று பேரனை எழுதச் செய்து, கட்டையின் உட்புறத்தில் ஒட்டினார்.

“இதைப் பார்ப்பவர் யார், தாத்தா?”

“அடுத்த முறை திருகாணி தொலைக்கிறவன்” என்றார் அவர்.